வாய்ப்பூட்டு என்று அம்மா சொன்ன கம்பி

எனக்கு எத்துப்பல். மேல்வரிசை முன்பற்கள் நாலும் உதட்டைத் தள்ளிக்கொண்டு வெளியே நிற்கும். வாயை இழுத்து மூடினால் தாடை வலிக்கும். மலைமேல் எங்கள் நாயுடுபுரத்தில் குழாயடிக்குக் குடத்தோடு போனால் போதும், ஒருத்தி ஆரம்பித்துவிடுவாள்.

"ஏ புள்ள, மழை பெஞ்சா ஒனக்குப் பல்லுதான மொதல்ல நனையும்?"

"எங்க வீட்டுத் துருவி மழுங்கிப் போச்சு, ரெண்டு மூடித் தேங்கா கெடக்கு, வந்துட்டுப் போறியா?" என்பாள் இன்னொருத்தி.

நானும் சும்மா விடமாட்டேன். "ஒன் மூஞ்சியவே துருவித் தாரேன், கொண்டா" என்பேன். வீட்டுக்கு வந்து கோணிப்படுதாவுக்குப் பின்னால் உட்கார்ந்து அழுவேன். பள்ளிக்கூடத்தில் படம் பிடித்தபோது வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். வாத்தியாரம்மா கையை எடுக்கச் சொல்லி அதட்டினார். எடுத்தேன். அந்தப் படத்தைப் பிற்பாடு நானே கிழித்து அடுப்பில் போட்டேன்.

அப்பா ஒரு வெள்ளைக்காரப் பல் டாக்டரின் பங்களாவில் சமையல்காரர். மிஷன் பள்ளிக்கூடங்களில் படித்த வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு அந்த டாக்டர் கம்பி கட்டிப் பல்லை நேராக்குவார். சீசன் நாளில் விருந்தாள் அதிகமானால் நான் போய் அடுப்படி வாசலில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக் கொடுப்பேன். அறுபதுகளின் தொடக்கம் அது, எனக்குப் பதினைந்து வயது. அப்படி உரித்துக்கொண்டிருந்த ஒரு நாள் டாக்டர் எதிரே வந்து குனிந்தார். பாதிரிமார் பள்ளியில் கற்ற தமிழ் அவருக்கு.

"மகளே, வாயைத் திற. இந்தப் பற்களை நான் நேராக்குவேன். இரண்டு வருஷம் செல்லும். நடுவில் நிறுத்தினால் அவை பழைய இடத்துக்கே திரும்பிப் போகும். உனக்குச் சம்மதமா?"

அப்பா வாயைத் திறப்பதற்குள் நான் சம்மதம் என்றேன்.

பல் ஒவ்வொன்றுக்கும் ஒரு எஃகு வளையம், அதை ஒட்ட ஒரு பசை, வளையங்களைக் கோத்து ஓடும் ஒரு கம்பி. மாதம் ஒருமுறை குறடால் முறுக்குவார். முறுக்கிய அன்று உயிர் போகும். தெருவே பேரிக்காயைக் கடித்துத் தின்ன, நான் அதை வேகவைத்துக் கரைத்துக் குடித்தேன். கம்பி கிழித்துக் கன்னத்தின் உட்புறமெல்லாம் புண். ஒரு தடவைகூட வேண்டாம் என்று சொல்லவில்லை. வலிக்க வலிக்க, சரி, நகருகிறது என்று சந்தோஷப்பட்டேன்.

நகரவும் செய்தது. ஏழெட்டு மாதத்தில் ஒரு நாள் காலையில் அடுப்பை ஊதிவிட்டு வாயை மூடினேன், மூடிக்கொண்டது. உதடும் உதடும் தானாகச் சேர்ந்தன. எங்கும் வலிக்கவில்லை. திறந்து திறந்து மூடிப் பார்த்தேன். அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு அதற்குப் பிறகு கல்யாணத்தில் வரவில்லை, பிள்ளை பெற்றும் வரவில்லை. பொய் சொல்லவில்லை.

அம்மாவுக்கு முதலிலிருந்தே பிடிக்கவில்லை. "வயசுக்கு வந்த புள்ள வாயில வெள்ளக்காரன் வெரல விடுறதா? பழனியில தெரிஞ்சா என்ன ஆகும்?" என்று அப்பாவைப் பிடுங்கி எடுத்தாள். பழனி என்றால் அத்தை, அப்பாவின் அக்கா. அடிவாரத்தில் காவடி கட்டி வருகிறவர்களுக்கு மண்டபம் கொடுத்துச் சமைத்துப் போடும் குடும்பம். கோயில் காரியத்திலும் பங்கு உண்டு. அத்தை மகன் எனக்கு முறை மாப்பிள்ளை. மாட்டிறைச்சி வேகும் அடுப்படியில் தம்பி நிற்கிறானே என்றே அத்தைக்கு ஆறாத கோபம். அவளிடம் போய் வெள்ளைக்காரன் விரல் என்று எப்படிச் சொல்வது? அம்மாவின் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. புரிந்தாலும் வயிறு எரிகிறது.

அந்தத் தைப்பூசத்துக்கு வத்தலக்குண்டு, திண்டுக்கல் என்று சுற்றிப் பழனி போய்ச் சேர்ந்தோம். அத்தை என்னைப் பார்த்த முதல் பார்வையிலேயே கம்பி கண்ணில் பட்டுவிட்டது. வீதியெல்லாம் அலகு குத்தியவர்கள், கன்னத்தில் வெள்ளிக் கம்பி செருகி வாய்ப்பூட்டுப் போட்டவர்கள். வாய்ப்பூட்டு என்பது பேசாமல் இருப்பதாக முருகனுக்கு நேர்ந்துகொள்வது. பேசவிடாமல் அந்தக் கம்பி வாயைப் பூட்டியிருக்கும். தைப்பூசத்தன்று ஒரு பெண்ணின் வாயில் கம்பி மின்னினால் பழனிக்காரி வேறு என்ன நினைப்பாள்?

"என்ன புள்ள இது, வாய்ப்பூட்டா?" என்று அத்தை அம்மாவைக் கேட்டாள்.

அம்மா கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "ஆமாங்க மதினி. கன்னிப் பொண்ணுங்கறதால கன்னத்துல குத்தாம பல்லோட கட்டியிருக்கு. நல்ல எடம் அமையணும்னு நேர்த்தி."

அத்தை சட்டென்று என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள். மண்டபத்தில் இருந்த பெண்கள் என் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்போதே அவர் வாயைத் திறந்திருக்க வேண்டும்.

பங்குனி பிறந்ததும் அத்தை ஆள் அனுப்பினாள். நேர்த்தி பலித்துவிட்டது, தன் மகனுக்கே என்னைக் கட்டப்போகிறாள். ஆனால் நேர்த்திக் கம்பியோடு ஒரு பெண் மணவறை ஏறக்கூடாது, பங்குனி உத்திரத்தன்று அடிவாரத்தில் வைத்துக் கழற்றி உண்டியலில் சேர்த்துவிட வேண்டும். அதுதான் முறை. அம்மா சொன்ன பொய்க்கு முறை தவறாமல் ஒரு முடிவும் வந்து சேர்ந்தது.

"பாதிதான் ஆகியிருக்கு. டாக்டர் என்ன சொன்னாரு? இப்பக் கழட்டுனா திரும்ப வந்துரும்மா!" என்று கத்தினேன்.

"வந்தா வரட்டும். அதுக்குள்ள தாலி ஏறிரும்" என்றாள் அம்மா. "வெரசாக் கெளம்பு, வெள்ளனே பஸ்ஸு."

டாக்டர் கையால் கழற்றியிருந்தாலாவது பரவாயில்லை. வேல் செய்யும் ஆசாரி ஒருவர் அடிவாரத்தில் என் தலையைப் பிடித்துக்கொண்டு குறடால் வளையங்களை நெம்பினார். ஒரு பல்லின் விளிம்பு சிதறி நாக்கில் விழுந்தது. "அரோகரா" என்றார்கள். எல்லாவற்றையும் மஞ்சள் துணியில் முடிந்து அத்தை உண்டியலில் போட்டாள்.

விஷயம் தெரிந்து டாக்டர் கொதித்தார். ராத்திரியில் மாட்டிக்கொள்ள ஒரு தகடு செய்து தருகிறேன், அது பல்லைப் பிடித்து நிறுத்தும், அதையாவது போடட்டும் என்று அப்பாவிடம் கெஞ்சாத குறையாகச் சொன்னார். "புருசன் வீட்ல ராத்திரி வாயில மாட்டுறதா? நல்லாருக்கு சோலி!" என்றாள் அம்மா. ஆவணியில் கல்யாணம் நடந்தது. கல்யாணப் படத்தில் நான் வாயைத் திறந்து சிரித்துக்கொண்டிருப்பேன்.

அடுத்த தை வருவதற்குள் பல் நாலும் பழையபடி வெளியே வந்துவிட்டன. சாப்பிடும்போது அத்தை என்னையே உற்றுப் பார்ப்பாள். ஒரு நாள் தட்டை நகர்த்திவிட்டுச் சொன்னாள்: "உள்ள போன பல்லு திரும்ப வந்துருச்சு பாரு, முருகன் ஏத்துக்கலடி. நேர்த்தியில ஏதோ கொற இருக்கு. பல்லோட கட்டுனது செல்லல. இந்தத் தைப்பூசத்துக்கு மொறையாக் கன்னத்துல குத்தி வாய்ப்பூட்டுப் போட்டுரு."

அன்றைக்குத்தான் உண்மையைக் கொட்டினேன். அது நேர்த்தியில்லை, வெள்ளைக்கார டாக்டர் போட்ட கம்பி, பல் நேராகத்தான் போட்டது, பாதியில் எடுத்ததால்தான் இப்படி ஆயிற்று என்றேன். அத்தை நம்பவில்லை. "சாமிக்குப் பயந்து கதை கட்டுறியா?" என்றாள். புருஷன், "அம்மா சொன்னாக் கேளேன்" என்று துண்டை உதறிக்கொண்டு வெளியே போனார்.

"எங்கம்மா வரட்டும், அவளயே கேளுங்க" என்றேன். அம்மா ஒரு வார்த்தை சொன்னால் போதும், தப்பித்துவிடுவேன் என்று நம்பினேன். அத்தை ஏசுவாள், அவ்வளவுதான். பெற்றவள் இதைக்கூடவா வாங்கிக்கொள்ளமாட்டாள்?

தைப்பூசத்துக்கு முந்தின நாள் அம்மா வந்தாள். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை, அத்தை நேராகக் கேட்டாள். "ஏ புள்ள, ஒன் மகளுக்கு அன்னைக்குப் போட்டது வாய்ப்பூட்டா, வெள்ளக்காரன் கம்பியா?"

அம்மா என்னைப் பார்த்தாள். நன்றாகத்தான் பார்த்தாள்.

"வாய்ப்பூட்டுதாங்க மதினி. சின்னப் புள்ள, குத்துறதுக்குப் பயந்து ஒளறுது."

மறுநாள் அடிவாரத்தில் அம்மாதான் பின்னால் நின்று என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டாள். பண்டாரம் விபூதியைக் கன்னத்தில் அப்பி, வெள்ளிக் கம்பியை இந்தப் பக்கம் செருகி அந்தப் பக்கம் எடுத்தார். அம்மா முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். "வலிக்குதா ஆத்தா?" என்று கேட்டாள். கம்பி இருக்கும்போது பேசக்கூடாது.

சாயங்காலம் சன்னிதியில் கழற்றினார்கள். இனிப் பேசலாம் என்றார் பண்டாரம். அம்மா பக்கத்திலேயே நின்றிருந்தாள். நான் அவளைத் தாண்டிப் படியிறங்கி வந்துவிட்டேன். அவள் சாகும்வரை அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை.