வலிக்காத ஈறு

பல் டாக்டரிடம் யாரும் தானாக வருவதில்லை, வலிதான் கூட்டிக்கொண்டு வரும். நீங்களும் ஒரு நாள் கன்னத்தைக் கையில் தாங்கிக்கொண்டு எங்கள் வாசலில் உட்கார்ந்திருந்தவராகத்தான் இருப்பீர்கள், அதனால் அதை உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. எங்களுக்கு இருக்கிற துக்கம் வேறு. ஈறு கெட்டுப்போனால் பெரும்பாலும் வலிப்பதே இல்லை. பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கோ, பல் தேய்க்கும்போது ரத்தம் கூட அதிகம் வராது. வலியும் இல்லை, ரத்தமும் இல்லை என்றால் யார் டாக்டரைத் தேடி வருவார்கள்?

ஏற்காட்டில் எனக்குச் சின்னதாக ஒரு கிளினிக் இருக்கிறது. புதன்கிழமைகளில் மட்டும் நாகலூர் போகிற வழியில் உள்ள ஒரு காப்பிக்கொட்டை ஃபேக்டரிக்குப் போவேன். எஸ்டேட்டுகளிலிருந்து வரும் கொட்டையை மிஷினில் போட்டுத் தோல் நீக்கி, தரம் பிரித்து, மூட்டை கட்டுகிற இடம் அது. கேன்டீனுக்குப் பின்னால் ஒரு அறையும் சாய்கிற நாற்காலி ஒன்றும் கொடுத்திருக்கிறார்கள். உதவிக்குப் பக்கத்து ஊரான மஞ்சக்குட்டையிலிருந்து ஸ்டெல்லா வருவாள். ஃபேக்டரிக்குள் தீப்பெட்டி கொண்டுபோகக் கூடாது என்பதால், டீ நேரத்தில் ஆண்கள் எல்லோரும் கேட்டுக்கு வெளியே நிற்பார்கள். பனி எது, புகை எது என்று தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது.

களியில் விழுந்த பல்

முருகேசன் தோல் நீக்கும் மிஷினை ஓட்டுபவர். நாற்பத்தைந்தைத் தாண்டியிருக்க மாட்டார். முதல் முறை வந்தபோது கைக்குட்டையைப் பிரித்துக் காட்டினார். உள்ளே ஒரு முன்பல், வேரோடு முழுசாக இருந்தது. காலையில் களி தின்னும்போது வந்துவிட்டதாம். முறுக்குக் கடித்து விழுந்திருந்தால் கூட மனசு ஆறியிருக்கும், களியில் போய் விழுமா என்பதுதான் அவர் கேள்வி. அதைத் திரும்ப ஒட்டவைத்துத் தர முடியுமா என்றும் கேட்டார்.

பல்லில் ஒரு சொத்தை கிடையாது. ஆனால் அதைப் பிடித்திருந்த எலும்பு கரைந்து போயிருந்தது. பக்கத்துப் பற்களும் விரல் பட்டால் ஆடின. மழையில் மண் அரித்துப்போய் வேர் வெளியே தெரிய நிற்கும் சில்வர் ஓக் மரத்தை அவர் தினமும் பார்க்கிறவர்தானே, அதைச் சொல்லி விளக்கினேன். பீடி எத்தனை வருடமாக என்று கேட்டதற்கு, மீசை முளைக்கும் முன்னாலிருந்தே என்றார். இவ்வளவு நாள் ஏன் வரவில்லை என்று நான் கேட்டிருக்கக் கூடாது. அவர் கைக்குட்டையை மறுபடி மடித்துக்கொண்டே சொன்னார்: "வலிச்சிருந்தா லீவு போட்டாவது வந்திருப்பனுங்க. அது ஒரு வார்த்தை சொல்லலீங்களே."

தவக்காலத்து ரத்தம்

மூட்டை தூக்கும் ஏசுதாஸ், நான் பல முறை சொல்லியும் கேட்காதவர், தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று மாதா கோயிலிலிருந்து நேராக வந்து சிகரெட்டை விட்டுவிட்டதாகச் சொன்னார். நானும் ஸ்டெல்லாவும் அவரை வாயாரப் பாராட்டி அனுப்பினோம். கொஞ்ச நாள் கழித்து வெளுத்த முகத்தோடு வந்தார். பல் தேய்த்தால் ரத்தம், சோறு மென்றால் ரத்தம், காலையில் எழுந்தால் தலையணை உறையில் ரத்தம். சிகரெட் பிடித்த இத்தனை வருடத்தில் ஒரு சொட்டு பார்த்ததில்லையாம். வீட்டில் பயந்துபோய், பழையபடி பிடித்துத் தொலையுங்கள் என்று மனைவியே வாங்கிக் கொடுத்துவிட்டாள். ரத்தம் நின்றுவிட்டது.

புகை ஈறின் ரத்தக்குழாய்களைச் சுருக்கி வைத்திருந்தது, நோய் முன்பே உள்ளே இருந்தது, நீங்கள் விட்டதும் ஈறுக்கு உயிர் திரும்பியதால்தான் அது வெளியே தெரிந்தது, அந்த நேரத்தில் வந்து சுத்தம் செய்துகொண்டால் நின்றுவிடும் என்று எல்லாம் சொன்னேன். அவர் தலையாட்டிக் கேட்டார். நம்பினாரா என்று தெரியவில்லை. எழுந்து போகும்போது வாசலில் நின்று கேட்டார்: "கெட்டதை விட்டவனுக்கு ரத்தம், விடாதவனுக்குச் சுகம். நான் எதைங்க நம்பறது?"

வாய் பொத்திப் பேசுபவர்

ஃபேக்டரி மேனேஜருக்கு வாட்ச்மேன் ரங்கன் மேல் தனி மதிப்பு. யாரிடம் பேசினாலும் துண்டின் நுனியை வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு, ஓர் எட்டு பின்னால் நின்றுதான் ரங்கன் பேசுவார். "இந்தக் காலத்துல இப்படி ஒரு பணிவான ஆளைப் பாக்க முடியுமா டாக்டர்" என்று மேனேஜர் என்னிடமே சொல்லியிருக்கிறார்.

ஒரு புதன்கிழமை ரங்கன் என் அறைக்கு வந்தார். துண்டை எடுக்கவே மாட்டேன் என்றார். ஸ்டெல்லா பக்கத்தில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசித்தான் எடுக்க வைத்தாள். ஈறை லேசாக அழுத்தினால் எல்லாப் பக்கமும் சீழ் வந்தது. மகளுக்குக் குழந்தை பிறந்து ஊருக்குக் கொண்டுவந்திருக்கிறாளாம். தூக்கிக் கொஞ்சினால் குழந்தை முகத்தைச் சுளித்துக்கொண்டு அழுகிறதாம். மகள் குழந்தையை மெல்ல வாங்கிக்கொண்டாளாம். மேனேஜர் உங்களைப் பற்றி எவ்வளவு உயர்வாகச் சொல்கிறார் தெரியுமா என்று, அவருக்கு ஆறுதலாக இருக்கட்டும் என நான் ஆரம்பித்தேன். ரங்கன் கையெடுத்துத் தடுத்தார்: "அது பணிவு இல்லீங்க டாக்டரம்மா. நாத்தம்."

ஜோதியின் கால்

ஜோதி மேசை முன்னால் உட்கார்ந்து கறுத்த கொட்டை, உடைந்த கொட்டைகளைப் பொறுக்குபவள். பீடியைக் கையால் தொட்டதில்லை. ஆனால் எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீட்டின் ஒரே அறையில் புருஷன் விடுகிற புகை முழுக்க அவளுக்கும்தான். அவளுக்கு ஈறில் கட்டி வரும், உடைத்துச் சுத்தம் செய்தால் ஆறும், அடுத்த மாதம் வேறு இடத்தில் வரும். ஸ்டெல்லாதான், "ஏனுங்க டாக்டர், ஒரு வாட்டி சுகர் பாத்துரலாமுங்களா" என்றாள். விரல் நுனியில் குத்திப் பார்த்தோம். வந்த எண்ணைப் பார்த்து மிஷினில் கோளாறோ என்று மறுபடியும் குத்தினோம். கோளாறு மிஷினில் இல்லை.

சர்க்கரை ஈறைக் கெடுக்கும், கெட்ட ஈறு சர்க்கரையை இறங்க விடாது, இரண்டும் கைகோத்துக்கொண்டு போகும். நாள்பட்ட சர்க்கரை காலை மரத்துப்போகச் செய்யும் என்பதால், காலில் புண் ஏதும் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றாள். செருப்பைக் கழற்றச் சொன்னபோது தயங்கினாள். கழற்றியதும் ஸ்டெல்லா ஜன்னலைத் திறந்துவிட்டாள். அன்றைக்கே ஃபேக்டரி ஜீப்பில் சேலத்துக்கு அனுப்பினோம். இரண்டு விரலை எடுக்க வேண்டியதாகிவிட்டது.

திரும்பி வேலைக்கு வந்தபோது ஊசி போட்டுக்கொள்ளப் பழகியிருந்தாள், ஈறும் இறுகியிருந்தது. அவ்வளவு பெரிய புண்ணை ஏன் யாரிடமும் காட்டவில்லை என்று கேட்டேன். அவளுக்கு என் கேள்விதான் வினோதமாக இருந்தது: "நிக்கற வேலைன்னா காலைப் பாத்திருப்பேன். நான் உக்காந்து பொறுக்கறவதானுங்களே."

சாய முடியாதவர்

முருகேசன் மட்டும் ஒழுங்காக வந்துகொண்டிருந்தார். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. நிச்சயதார்த்தப் படங்களில் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு நிற்கிறாராம். கல்யாணத்துக்காவது சிரித்த முகமாக நிற்கவேண்டும் என்று பல்செட் கேட்டார். முதலில் ஈறு ஆறட்டும் என்று பகுதி பகுதியாக ஆழமாகச் சுத்தம் செய்தேன். பீடியையும் நாளுக்குச் சிலதாகக் குறைத்துவிட்டார். முதல் தடவையாக அவர் ஈறில் ஆரோக்கியமான நிறத்தைப் பார்த்தேன்.

பல்செட்டுக்கு அளவு எடுக்கும் அன்று நாற்காலியைச் சாய்த்தேன். கொஞ்ச நேரத்தில் கையை உதறிக்கொண்டு எழுந்து உட்கார்ந்துவிட்டார். மூச்சு முட்டுகிறதாம். ராத்திரியில் எப்படிப் படுக்கிறீர்கள் என்று கேட்டேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடிதான், கொஞ்ச காலமாகவே அப்படித்தான் என்றார். வீங்கியிருந்த கணுக்காலை அழுத்தினேன், என் விரல் பட்ட இடம் குழியாக நின்றது. அவரை அப்படியே உட்கார வைத்து அளவை எடுத்து முடித்தேன். முடித்ததும், இது பல் விஷயம் இல்லை, இதய டாக்டரை இந்த வாரமே பார்க்கவேண்டும் என்று சொன்னேன். அவர் மனைவி சரசுவை வரவழைத்து அவரிடமும் சொன்னேன். அது காப்பிப் பழம் பறிக்கும் சீசன், மிஷின் நிற்காமல் ஓடும் நேரம். இரண்டு பேரும் சரி என்றார்கள். "கல்யாணம் முடிஞ்ச மறுநாள் சேலம் போயிடறனுங்க, சத்தியமா" என்றார் முருகேசன். மேனேஜரிடம் பேசி லீவும் வாங்கிக் கொடுத்தேன். அந்த லீவில் அவர் கல்யாணப் பத்திரிகை வைக்கப் போனார்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம், டீ நேரத்தில் கேட்டுக்கு வெளியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவரை ஏசுதாஸ்தான் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். ஜீப் அடிவாரம் போய்ச் சேரும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. கல்யாணத்தைத் தள்ளிவைத்து, பிறகு ஒரு நாள் சர்ச்சுக்குப் பக்கத்துச் சின்ன மண்டபத்தில், மேளம் இல்லாமல் நடத்தினார்கள். ஏசுதாஸ் சாப்பாட்டுப் பந்தியைப் பார்த்துக்கொண்டார். அன்றைக்கு அவர் பையில் சிகரெட் இல்லை, அதற்குப் பிறகும் நான் பார்க்கவில்லை. ரத்தம் வந்தால் நேராக என்னிடம் வருகிறார்.

அதன்பிறகு ஒரு புதன்கிழமை சரசு வந்தார். ஸ்டெல்லா அவருக்குக் காப்பி கொடுத்து உட்காரவைத்தாள். குடித்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "ஏனுங்க டாக்டரம்மா, பல்லாலதான் போனாருங்களா?" என்று கேட்டார். பல் ஒன்றும் கொல்லவில்லை, ஆனால் ஈறை அரித்த அதே புகைதான் இதயத்தையும் அரித்திருக்கும், கெட்ட ஈறின் நஞ்சும் ரத்தத்தோடு ஓடிக்கொண்டிருந்தது, எது எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது என்றேன். சும்மா விசாரிக்கத்தான் வந்தார் என்று நினைத்தேன். எழுந்து நின்று, சேலைத் தலைப்பைக் கையில் விரித்துக்கொண்டு சொன்னார்: "அவரு பல்லு தெரியச் சிரிச்சு நொம்ப வருசமாச்சுங்க. அந்தச் செட்டு செஞ்சு வந்திருந்தாக் குடுங்க, ஊட்ல வெச்சுக்கறேன்."

வாய்க்குள் மட்டும் பார்ப்பதற்குத்தான் என்னைப் படிக்க வைத்தார்கள். அந்த எல்லைக்குள்ளேயே நின்றிருந்தால் நானும் புதன்கிழமைகளில் வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பேன்.