நாற்பது நிமிஷப் பிள்ளை

கொட்டாஞ்சேனையில நேசம் ரீச்சரிட்ட ஞானோபதேசம் படிக்காத கத்தோலிக்கப் பிள்ளையைத் தேடிப்பிடிக்கிறது கஷ்டம். பொல்லாத மனுசி, பாருங்கோ. செபத்தில ஒரு சொல் பிசகினாலும் முதலில இருந்து சொல்ல வைப்பா. வீட்டில மட்டும் அவவோட கதைக்க ஆளில்லை. மனுசன் பிறெடி செத்து ஆறு வருஷம். உண்மையைச் சொன்னால், அவர் இருந்த காலத்திலயும் பெரிசாய்க் கதை இல்லை.

எல்லாம் ஒரு பிள்ளையாலதான். கலியாணம் கட்டின அடுத்த வருஷம் பொரளை ஆஸ்பத்திரியில குறைமாதத்தில ஒரு ஆண்பிள்ளை பிறந்து நாற்பது நிமிஷம் உயிரோட கிடந்தது. ரீச்சர் மயக்கத்தில. ஆபத்து வேளையில ஆரும் தலையில தண்ணி ஊத்தி, மந்திரத்தைச் சொல்லி ஞானஸ்நானம் குடுக்கலாம். பிறெடிக்கும் அது தெரியும். எண்டாலும் அந்தாள் பதறிப்போய், சுவாமியைக் கூட்டிவர அங்கத்தைக் கோயிலுக்கு ஓடினார். ரெண்டு பேரும் வந்து சேரேக்க பிள்ளை முடிஞ்சுது.

ஞானஸ்நானம் இல்லாமல் செத்த குழந்தை லிம்போவுக்குப் போகும், அங்க வேதனை இல்லை, ஆனால் கடவுளை ஒருநாளும் காணாது. ரீச்சருக்குச் சின்னனில அப்படித்தான் சொல்லிக் குடுத்தவை. அப்ப, தான் மோட்சத்துக்குப் போனாலும் மகனைக் காணமாட்டா. "தண்ணிப் பைப் அந்த அறைக்குள்ளயே இருந்ததுதானே?" எண்டு பிறெடியிட்ட ஒருக்காத்தான் கேட்டா. அதுக்குப் பிறகு முப்பது வருஷம், சாப்பாடும் மருந்தும்தான் அந்த வீட்டுக் கதை.

போன மாதம் பங்குச்சுவாமி மறைக்கல்வி ஆசிரியர்மாருக்கு ஒரு வகுப்பு வைச்சார். எல்லாப் போதனையும் ஒரே மாதிரிக் கட்டுப்படுத்தாது எண்டார். கடவுள் வெளிப்படுத்தினது எண்டு ஆயர்மார் கூடுற பொதுச்சங்கமோ பாப்பரசரோ அறுதியாய் வரையறுத்தால் அது விசுவாசக் கோட்பாடு. பாப்பரசரும் உலகத்து ஆயர்மாரும் ஒரே குரலில, இது முடிவு எண்டு அப்படிப் படிப்பிச்சு வந்ததும் அதே மாதிரித்தான், மறுக்க ஏலாது. வேற போதனைகளைப் பணிவோட ஏற்கவேணும். வேதசாஸ்திரிகளின்ர அபிப்பிராயம் எண்டால், எத்தனை நூற்றாண்டு பழசெண்டாலும் கட்டாயமில்லை.

"உதாரணத்துக்கு, லிம்போ" எண்டார் சுவாமி.

ரீச்சர் எழும்பினா. "சுவாமி, எங்களுக்கு அதைப் படிப்பிச்சவை."

"ஓம் ரீச்சர், படிப்பிச்சவைதான். ஆனால் திருச்சபை அதை ஒருநாளும் வரையறுக்கேல்லை. அந்தப் பிள்ளைகளைக் கடவுளின்ர இரக்கத்தில ஒப்படைச்சிட்டு, அதுகளுக்கு மீட்புக் கிடைக்கும் எண்டு எதிர்பார்க்கலாம்."

"நிச்சயமோ?"

"நிச்சயம் எண்டும் வரையறுக்கேல்லை. எதிர்பார்க்கலாம்."

மற்ற ஆசிரியர்மார் கொப்பியில எழுதிக்கொண்டிருக்க, எல்லாரையும் அதட்டி வைச்சிருந்த மனுசி சீலைத் தலைப்பை வாயில பொத்திக்கொண்டு அழுதா. சந்தோஷம்தான், ஐயோ, வேற என்ன! மகனைக் காணலாம் எண்டு நினைக்க இனி ஒரு தடையுமில்லை.

வீட்டை வந்தா. கதவைத் திறந்தவ, செருப்பைக்கூடக் கழட்டேல்லை.

"இஞ்சேருங்கோ!" எண்டு உள்ளுக்குப் பாத்துக் கூப்பிட்டா. "உங்களில பிழையில்லையப்பா!"

பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பாத்து, "ஆரோட ரீச்சர் கதைக்கிறீங்கள்?" எண்டு கேட்டா.

"ஒருத்தரோடயும் இல்லை" எண்டு சொல்லிப்போட்டு, ரீச்சர் கதவைச் சாத்தினா.