முள்ளெலிக்குத் துணை

பதுளைக் கடைத்தெருவில் ஒரு கருவாட்டுக் கடை, அதன் நடுவே ஒரு கண்ணாடித் தொட்டி, அதற்குள் கடற்புல். யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள். தினமும் அதைத் துடைத்த எனக்குச் சிரிப்பு வந்ததில்லை. மலைக்கு மேலே கடலைக் கொண்டுவந்து வைக்கலாம் என்று முதலாளிக்குத் தோன்றிய நாளில் என்னைப் பிடித்தது சனியன். காரணம் முதலாளியம்மா. திருகோணமலைக்காரர். முதுகில் கோளாறு வந்தபின், இந்த வளைவுப் பாதைகளில் பஸ் ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஊர் ஏக்கத்தில் அவர் கடைக்குப் பின்னாலிருந்த அறையை விட்டு வெளியே வருவதையே நிறுத்திவிட்டார். அவரை வெளியே வரவைக்கத்தான் இந்தக் கூத்து. கருவாடு ஏற்றிவரும் லொறியில் கேன் கேனாகக் கடல்நீரும், மணலும், வேரோடு புல்லும் வந்தன. கூடவே இரண்டு கடல் முள்ளெலிகள். பந்து மாதிரி உருண்டை, உடம்பெல்லாம் முள்.

அவை புல்லை மேய்ந்தன. மிஞ்சிய துண்டுகளைத் தலைமேல் சூடிக்கொண்டன. முதலாளி உருகிப்போனார். "பாரு புள்ள, பூ வச்ச மாதிரி வச்சிருக்கு. பாவம், அதுக்குத் தொணை வேணாமா?" அடுத்த லொறியில் இன்னும் எட்டு வந்தன. நான் பசறைத் தோட்டத்தில் ஐந்து வருடம் கொழுந்து பறித்தவள். அளவாக எடுத்தால் செடி துளிர்க்கும், ஒட்ட உருவினால் அவ்வளவுதான் என்பது எனக்குத் தெரியும். "எலைய தின்னா மறுபடி வரும்ங்க, இதுக அடியையே கடிக்குதுங்க" என்று கத்தினேன். "நீ கருவாட்ட பாரு" என்றார். பத்து நாளில் தொட்டி மொட்டை. எட்டிப் பார்த்த முதலாளியம்மா, "எங்கட கடல்ல இதுகளைத் தின்ன மீன் இருக்கு. இஞ்ச ஆர் இருக்கினம்?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

அந்த மனிதருக்கு நடு என்ற ஒன்றே கிடையாது. உடனே எல்லா முள்ளெலிகளையும் திருப்பி அனுப்பிவிட்டுப் புதுப் புல் நட்டார். மேய ஆளில்லாமல் இலைகள்மேல் வழுவழுவென்று பாசி படர்ந்தது. வெளிச்சம் படாமல் புல் பழுத்துச் செத்தது. மூன்றாம் தடவை புல் நட்டபோது நான் அவரைப் பேசவே விடவில்லை. ஒன்றே ஒன்று போதும் என்று லொறிக்காரரிடம் நானே சொல்லிவிட்டேன். அந்த ஒற்றை முள்ளெலி பாசியை வழித்தது, இலையையும் கடித்தது. கடித்த அளவுக்குப் புல் அடியிலிருந்து வளர்ந்தது.

முதலாளியம்மா வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். வெகுநேரம் பார்த்தார். "அலை இல்லையே" என்றார். முதலாளி சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு தண்ணீருக்குள் கையை விட்டு ஆட்டத் தொடங்கினார். புல் சாய்ந்து நிமிர்ந்தது. அன்றிலிருந்து தினமும் இதே வேலை. நெத்தலிக்கு நிற்கும் சனத்தோடு நான் ஒற்றை ஆளாக மல்லுக்கட்ட, அவர் தண்ணீரைக் கலக்கிக்கொண்டிருப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன வருடம் முதலாளி காலமானார். தொட்டியைத் தூக்கிவிடலாம் என்று சத்தியமாக நினைத்தேன். காரியங்கள் முடிந்த மறுநாள் முதலாளியம்மா வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார். அசையாத புல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் தாங்கவில்லை. வாங்க வந்தவர்கள் கூப்பிடக் கூப்பிட, தராசை அப்படியே விட்டுவிட்டுப் போய்த் தண்ணீரில் கையை விட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து, "அவர் இவ்வளவு வேகமா ஆட்டமாட்டார், பிள்ளை" என்றார்.

செத்தும் என் உயிரை எடுக்கிறாரே இந்த மனிதர் என்று முணுமுணுத்துக்கொண்டே, மெதுவாக ஆட்டினேன்.