கண்டதாகச் சொல்லச் சொன்னார்கள்

சிசிலித் தீவில், கபோ சந்தைக்குப் பின்னால் ஒரு கிழவரைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். குவைத்தில் மூட்டை சுமந்தேன், ஏதென்ஸில் தகரக் கொட்டகையில் படுத்தேன். கிழவரைக் குளிப்பாட்டிச் சவரம் செய்வது அவற்றைவிடச் சுகம்.

அவர் அமெரிக்காவில், லூசியானாவில் பிறந்து, பிறகு இங்கே திரும்பி வந்தவர். கரும்பு வெட்டப் போன சிசிலியரின் மகன். சவரம் செய்யும்போது அந்த நாட்டுக் கதை சொல்வார். வெள்ளைக்காரர் அவர்களைத் தம்மவராக எண்ணவில்லையாம். கறுப்பரோடு வயலில் விட்டார்கள். சிறையை உடைத்துச் சிசிலியரை இழுத்து வந்து கொன்றதும் உண்டு. பிறகு ஒருநாள் ஒரு கடையில் களவு போயிற்று. கறுப்பன் ஒருவனைப் பிடித்து வந்து, இவனைக் கண்டாய்தானே என்று கிழவரின் தகப்பனிடம் கேட்டார்கள். அவர் ஒன்றும் கண்டிருக்கவில்லை. ஆனாலும் கண்டேன் என்றார்.

"அடுத்த கிழமையே வெள்ளைக்காரரின் சலூனில் அப்பாவுக்கு முடி வெட்டினார்கள்," என்று கிழவர் சிரித்தார்.

அந்தக் கறுப்பனுக்கு என்ன நடந்தது என்று கேட்டேன்.

"முகத்தைத் துடை," என்றார்.

இந்த மாசியில் ஒரு விடியற்காலை, கட்டட வாசலில் நின்ற ஸ்கூட்டர்களை யாரோ எரித்துவிட்டார்கள். கீழறையில் காம்பியாக்காரன் ஒருவன் இருந்தான், சந்தையில் மரக்கறிப் பெட்டி சுமப்பவன். எல்லோரும் அவன்தான் என்றார்கள். கிழவரின் மகன் என்னைச் சமையலறைக்கு அழைத்துக் காப்பி ஊற்றித் தந்தார். அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த முதல் காப்பி.

"விடிய முதலில் வருகிறவன் நீ. அவனைக் கண்டதாகப் போலீசில் சொல். நீங்கள் கோயிலுக்குப் போகிற நல்ல சனம், உன்னை நம்புவார்கள்."

என் பெர்மெஸ்ஸோ, இந்த நாட்டில் தங்கும் அனுமதி, முடியப்போகிறது. புதுப்பிக்க அவர் தரும் வேலை ஒப்பந்தம் வேண்டும். அதைப் பற்றி அவர் பேசவில்லை. பேசத் தேவையுமில்லை.

ஒரேத்தோ தெருவில் என்னோடு அறையில் இருக்கும் மன்னார் அண்ணரிடம் சொன்னேன்.

"கண்டனான் எண்டு சொல்லிப்போட்டு வாவன்ரா. நீ என்ன, பெரிய நீதவானோ? ஆரோ ஒரு கறுப்பனுக்காக ஏன் சாகிறாய்?"

"நாங்கள் மட்டும் என்ன நிறம் அண்ணை?"

"இஞ்சை அவங்கள் இன்னும் எங்களைச் சந்தேகமாத் திரும்பிப் பாக்கேல்லை. அதைக் கெடுத்துப்போடாதை."

மறுநாள் மகனிடம், "நான் ஒருவரையும் காணவில்லை, சின்யோரே," என்றேன். அவர் கோபிக்கவில்லை. தோளில் மெல்லத் தட்டினார்.

"சரி. அப்படியென்றால் அந்த நேரத்தில் வாசலில் நின்றவன் நீ மட்டும்தான்."

கதவடியில் நின்ற பக்கத்து வீட்டுக்காரர் இருவர் என் கைகளைப் பார்த்தார்கள்.