பூச்சி மேலே வராத நாள்

காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளோடு வெள்ளைக்கார அரசு சண்டை போட்ட அவசரகாலத்தில், மலாய் நாட்டில் சிம்பாங் அம்பாட்டுக்கு உள்ளே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் நான் மிஸ்ஸியாக இருந்தேன். தோட்டத்து மக்கள் நர்ஸை அப்படித்தான் கூப்பிடுவார்கள். தோட்டத்து வைத்தியம் பார்க்கும் டிரசர் வாரத்தில் இரண்டு நாள் வருவார். மற்ற நாள்களில் காய்ச்சல், வெட்டுக்காயம், பிள்ளைப்பேறு எல்லாம் என் தலையில்தான். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. வாய் நீளம், பொறுமை குறைவு. யாழ்ப்பாணப் பேச்சு வேறு. நான் "இஞ்ச வாங்கோ" என்று கூப்பிட்டால் லயத்துப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பார்கள். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும்.

லயம் என்னும் வரிசை வீடுகளைச் சுற்றி முள்கம்பி போட்டிருந்தார்கள். ரப்பர்ப் பால் வெட்டப் போகிறவர்கள் கேட்டில் நின்று சோதனை கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். ஒரு பிடி சோறு வெளியே போகக் கூடாது. காட்டில் இருப்பவர்களுக்குக் கொடுக்கிறாய் என்று பிடித்துவிடுவார்கள். வெட்டுகிற மர நிரையை விட்டு அந்தப் பக்கம் கால் வைத்தாலும் அதே கதிதான். வீட்டுக்குள் அரிசி, மீன், டின் எது கூடுதலாக இருந்தாலும் கேள்வி வரும்.

இந்த லட்சணத்தில் தண்ணீரில் விஷம் என்று ஒரு புரளி கிளம்பியது. எந்தத் தோட்டத்திலோ யாரோ கலந்துவிட்டார்களாம், யார் சொன்னது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. கம்பிக்குள் எங்களுக்கு இருந்தது ஒரே ஒரு சிமெண்டுத் தொட்டி. ஆள் உயரத்துக்கும் மேல் ஆழம், பலகை மூடி, மூடிக்குப் பூட்டு. சனங்கள் அதை விட்டுவிட்டுக் கால்வாய்த் தண்ணீரைக் குடிக்க ஆரம்பித்தார்கள். ஒரே வாரத்தில் என் மருந்தக வாசலில் வயிற்றுப்போக்குக்காரர்களின் வரிசை. கோபத்தில் நான் ஒரு நாள் எல்லாப் பெண்களையும் தொட்டியடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பலகையைத் திறந்ததும் வெயில் விழுந்த இடத்தில் வெள்ளை வெள்ளையாகப் பொடிப் பூச்சிகள் துள்ளின. கடுகில் பாதிகூட இருக்காது. தெள்ளுப் போலக் குதிப்பதால் தண்ணீர்த்தெள்ளு என்போம்.

"இஞ்ச பாருங்கோ. விசம் எண்டால் முதல்ல இதுகள்தான் சாகும். இது துள்ளுதெண்டால் தண்ணி நல்ல தண்ணி. காய்ச்சிக் குடியுங்கோ," என்றேன்.

அன்றிலிருந்து அது ஒரு பழக்கமாகிவிட்டது. பாலை எடை போட்டு முடிந்து, வெயில் ஏறியபின் தொட்டியைத் திறப்பார்கள். முதலில் இரண்டு பெண்கள் எட்டிப் பார்ப்பார்கள். "துள்ளுதுடி!" என்று குரல் வந்த பிறகுதான் முதல் வாளி இறங்கும். நான் சொன்னது ஒரு நாள் சமாதானத்துக்கு. அவர்கள் அதைச் சாமி வாக்காக எடுத்துக்கொண்டார்கள். உள்ளுக்குள் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

தொட்டியின் சாவி ஒரே ஆளிடம் இருந்தது. தண்ணீர்க்காரர் என்று சொல்வோம். ஐம்பது வயதிருக்கும், பேச்சு குறைவு. மனைவியை இந்தத் தோட்டத்திலேயே புதைத்தவர். அவருடைய தம்பி ஒருவன் சங்கம் கிங்கம் என்று அலைந்து காணாமல் போயிருந்தான். காட்டுக்குள் போய்விட்டான் என்பது ஊர்ப்பேச்சு. அதனால் அவர்மேல் போலீசுக்கு எப்போதும் ஒரு கண். அப்படிப்பட்டவர்களைப் பிடித்தால் வழக்கு, விசாரணை ஒன்றும் கிடையாது. கொஞ்ச நாள் அடைத்து வைத்துவிட்டு, இந்தியாவில் பிறந்தவன் என்றால் கப்பலேற்றி அனுப்பிவிடுவார்கள். அங்கே அவருக்கு யாரும் இல்லை.

அந்தப் புதன்கிழமை நான் பிள்ளை பெற்ற ஒரு பெண்ணுக்குப் புண் கழுவிவிட்டு வந்துகொண்டிருந்தேன். தலைப்பிரசவம், பதினோராம் நாள், தையல் போட்ட இடம் ஆறவே இல்லை. தொட்டிப் பக்கம் ஒரே கூச்சல். ஓடினேன். பெண்கள் வாளிகளைப் போட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு நின்றார்கள். வெயில் நேராகத் தண்ணீருக்குள் விழுந்தது. ஒரு பூச்சி இல்லை.

"செத்துப் போச்சு மிஸ்ஸி, தண்ணி செத்துப் போச்சு!" என்று ஒருத்தி கத்தினாள். "சாவி யாருகிட்ட இருக்கு? அந்த ஆளுகிட்டதானே! தம்பிக்காரன் சொல்லிக் குடுத்திருப்பான் லா!"

ஒரே நிமிடத்தில் அது முடிவாகிவிட்டது. நேற்றுவரை அவரை அண்ணே என்று கூப்பிட்டவர்கள் அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினார்கள். கேட்டிலிருந்து மலாய் சார்ஜென்ட் இரண்டு கான்ஸ்டபிள்களோடு வந்து அவரை விலக்கிக் காவல் கொட்டகையில் உட்கார வைத்தார். தோட்டத்துத் துரை டவுன் போலீசுக்கு டெலிபோன் செய்துவிட்டார். மூன்று மணிக்கு டவுனிலிருந்து லாரி வரும், ஆளைக் கொண்டுபோகும். அப்போது மணி பன்னிரண்டு.

பூச்சியைப் பார்த்துக் குடி என்று சொன்னவள் நான். என் வாயால்தான் இந்த மனிதர் கப்பலேறப் போகிறார்.

வாளியில் ஒரு கல்லைக் கட்டித் தொட்டியின் அடிவரைக்கும் விட்டு இழுத்தேன். வாளி நிறையப் பூச்சி! கூழ்மாதிரி அடர்த்தியாக, ஒவ்வொன்றும் உயிரோடு, துடிதுடிப்பாக. ஒன்றும் சாகவில்லை, எல்லாம் கீழே போயிருந்தன. "பாருங்கோ, உயிரோட இருக்கு!" என்று காட்டினேன். யாரும் கிட்டவே வரவில்லை. "அப்போ ஏன் மிஸ்ஸி மேல வரல?" என்று ஒருத்தி கேட்டாள். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தெரியாவிட்டால் வாளியைக் காட்டி ஒரு பயனும் இல்லை.

மருந்தகத்துக்கு வந்து உட்கார்ந்தபோதுதான் நான் வளர்ந்த தெங்கேரா வீடு நினைவுக்கு வந்தது. என் அண்ணன் சண்டை மீன் வளர்த்தவன். மீனுக்குத் தீனியாகப் பின்கட்டில் ஒரு தொட்டி நிறையத் தண்ணீர்த்தெள்ளு வைத்திருந்தான். ஒரு நாள் மீன் போத்தல்களைக் கழுவிய தண்ணீரை நான் சோம்பலில் அந்தத் தொட்டியிலேயே கொட்டிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் பூச்சிகள் எல்லாம் அடிக்குப் போய்விட்டன. பகல் முழுக்க மேலே வரவில்லை. அண்ணன் என்னைத் திட்டிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. தொட்டியில் ஒரு மீனும் இல்லை. மீன் இருந்த தண்ணீர் பட்டதற்கே அந்தப் பயம்.

அப்படியென்றால் இங்கே மீன் எங்கிருந்து வந்தது? நான் எழுவதற்குள் வாசலில் ஒருவன் வந்து நின்றான். பதினோரு நாள் முன் பிள்ளை பெற்றவளின் புருஷன்.

"மிஸ்ஸி, நீங்கதானே சொன்னீங்க, விரால் சாறு குடிச்சா புண்ணு ஆறும்னு. நேத்து நெரைய விட்டு எறங்கி சேத்துல ரெண்டு புடிச்சேன். ஒறஞ்சுபோன ரப்பர் கட்டிப்பால் கூடைக்குள்ள வெச்சு கொண்டாந்தேன். ஒன்ன ஆக்கியாச்சு. இன்னொன்ன வீட்டுல வெச்சா சோதனையில மாட்டிக்குவேன். அதான் மூங்கி கூட்டுல போட்டு, தொட்டி பலகைக்கு அடியில மூலையில கட்டி விட்டேன். மூச்சு விட மேல வரும்ல அது, கூடு பாதி வெளியதான் இருக்கு. போயி சொல்லிடவா?"

அதுவும் என் வாய்தான். புண்ணுக்கு விரால் நல்லது என்று இந்த நாட்டில் மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாருக்கும் தெரியும். கிடைத்தால் கொடு என்று வாய்க்கு வந்தபடி நான்தான் சொல்லியிருந்தேன். எங்கே போய்ப் பிடிப்பான் என்று யோசித்தேனா? இல்லை. இப்போது இவன் உண்மையைச் சொன்னால் நிரையை விட்டு இறங்கியதற்கு இவனை லாரியில் ஏற்றுவார்கள். சொல்லாவிட்டால் அவரை.

"வாயைத் திறந்தியோ, உன்னை நானே கொன்றுபோடுவன். வீட்டை போ," என்றேன்.

இரண்டு உயரமான கண்ணாடிப் போத்தல்களைக் கழுவி எடுத்தேன். ஒன்றில் முந்தின நாள் காலை மருந்தகத்துக்குப் பிடித்து வைத்திருந்த தண்ணீர், அதாவது மீன் வருவதற்கு முந்திய தண்ணீர். மற்றதில் அன்றைய தொட்டித் தண்ணீர். வாளியிலிருந்த பூச்சிகளைக் காயம் கட்டும் காஸ் துணியில் வடித்து இரண்டிலும் விட்டேன். மூங்கில் கூட்டையும் அவிழ்த்து எடுத்துக்கொண்டு காவல் கொட்டகைக்குப் போனேன். சனம் முழுக்க என் பின்னால் வந்தது.

சார்ஜென்டிடம் மலாயில் சொன்னேன். கொசுப்புழு தின்ன மீன் விட்டது நான். தண்ணீர்க்காரரிடம் சொல்லி மூடியைத் திறக்க வைத்ததும் நான். மீன் பூச்சியைத் தின்னவில்லை, கூட்டுக்குள்தான் கிடந்தது. மீனின் வாடை தண்ணீரில் இறங்கியதால் பூச்சிகள் பயந்து அடிக்குப் போய்விட்டன.

அவர் கூட்டுக்குள் எட்டிப் பார்த்தார். விராலை மலாயில் ஹருவான் என்பார்கள். "ஹருவான் கொசுப்புழு தின்னுமா, மிஸ்ஸி?"

"தின்னும்," என்றேன். குரல் எனக்கே பொய்யாகக் கேட்டது.

அவர் என்னைப் பார்த்தார், பிறகு கூட்டத்தைப் பார்த்தார். யார் வீட்டில் புதிதாகப் பிள்ளை பிறந்திருக்கிறது என்பது அந்தக் கேட்டில் நிற்கிறவருக்குத் தெரியாமல் இருக்குமா? போத்தல்களை மேசையில் வெயில்படும்படி வைத்தார். காத்திருந்தோம். அரை மணி நேரம் போனது. முதல் போத்தலில் பூச்சிகள் மேலும் கீழும் துள்ளிக்கொண்டிருந்தன. இரண்டாவதில் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கின. எல்லாம் இறங்கின என்று சொல்ல மாட்டேன். நாலைந்து பிடிவாதக்காரப் பூச்சிகள் மேலேயே சுற்றின. அவற்றை நசுக்கிவிடலாம் போல எனக்கு ஆத்திரம் வந்தது.

சார்ஜென்ட் கடைசியில் சொன்னார். "நான் நம்புகிறேன், மிஸ்ஸி. ஆனால் இவர்கள் நம்ப வேண்டும். இந்தத் தண்ணீரை இவர்கள் குடித்தால் ஆளை விட்டுவிடுகிறேன். குடிக்காவிட்டால் லாரியில் அனுப்பத்தான் வேண்டும். இங்கே விட்டுவைத்தால் இவர்களே அடித்துக் கொன்றுவிடுவார்கள்."

இரண்டாவது போத்தலைத் தூக்கி, பூச்சியோடு, அத்தனை பேர் முன்னாலும் மடக் மடக்கென்று குடித்தேன்.

யாரும் வாளியை எடுக்கவில்லை. "மிஸ்ஸிகிட்ட மாத்து மருந்து இருக்கும்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். நான் கெஞ்சினேன், திட்டினேன், ஒருத்தியின் கையைப் பிடித்து இழுத்தேன். கையை உதறிவிட்டாள். தண்ணீர்க்காரர் கொட்டகைக்குள் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால், செம்மண் பாதையில் லாரி வரும் சத்தம் கேட்டது.

அப்போது கூட்டம் விலகியது. அந்தப் பதினோரு நாள் தாய் பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள். முப்பது நாள் வாசல் தாண்டக் கூடாதவள். புண்ணோடு ஒவ்வோர் அடியாக எடுத்து வைத்துத் தொட்டிக்குப் போனாள். டப்பாவில் மொண்டு குடித்தாள். பிறகு விரலை நனைத்துப் பிள்ளையின் வாயில் வைத்தாள். பிள்ளை சப்பியது.

ஒரு பெண் "ஐயோ" என்றாள். இன்னொருத்தி அழுதுகொண்டே வாளியை எடுத்தாள். அதன்பிறகு எல்லாரும் குடித்தார்கள், குடிக்காதவர்களையும் பிடித்துக் குடிக்க வைத்தார்கள். லாரி வந்தது, சார்ஜென்ட் டிரைவரிடம் ஏதோ சொன்னார், வெறும் லாரியாகத் திரும்பிப் போனது. நான் மருந்தகத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பச்சைத் தண்ணீரைப் பச்சைப்பிள்ளை வாயில் வைக்கிறாளே என்று அந்த நேரத்திலும் ஒரு பக்கம் பதறியது.

பல வருஷங்களுக்குப் பிறகு, மீன் உடம்பிலிருந்து தண்ணீரில் கரையும் ஏதோ ஒன்றைத்தான் அந்தப் பூச்சிகள் அறிந்துகொள்கின்றன என்று படித்தேன். மேய மேலே வரும் நேரத்தையே அவை மாற்றிக்கொள்ளுமாம், பகலில் ஆழத்திலும் இருட்டிய பின் மேலேயுமாக. வேறு சில எதிரிகளின் வாடை பட்டால் கழுத்தில் முள் வளர்க்கும் வகைகளும் உண்டாம். தாய்க்கு வாடை பட்டால் பிள்ளையே முள்ளோடு பிறக்குமாம். படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்தேன்.

லாரி வெறுமனே திரும்பிப் போன மறுநாள் தண்ணீர்க்காரர் துரையிடம் போய்த் தன்னைப் பால் வெட்டுக்கு மாற்றச் சொன்னார் என்று கேள்விப்பட்டு ஓடினேன். அந்தப் பையன் மீனை வைக்க மூடியைத் திறந்துவிட்டவரே அவர்தான். மீன் யாருடையது என்று தெரிந்தும் கொட்டகையில் ஒரு வார்த்தை சொல்லாமல் உட்கார்ந்திருந்தார்.

"ஏன் சொல்லேல்லை? உங்களைக் கப்பலிலை ஏத்தியிருப்பாங்களே!" என்று கத்தினேன்.

"சொன்னா அந்தப் பயலக் கொண்டு போவானுங்க. பச்சப்புள்ளக்காரன்," என்றார்.

"இப்ப எல்லாம் சரியாகிட்டுதே. தொட்டியை ஏன் விடுறியள்?"

"பதினாலு வருசம் என் கையால தண்ணி குடிச்சாங்க மிஸ்ஸி. நேத்து அந்தப் புள்ள குடிச்ச பிறகுதான் குடிச்சாங்க. நாளைக்கு மறுபடியும் பூச்சி கீழ போனா?"

அடுத்த திங்கட்கிழமை, காலையில் பேர் கூப்பிடும் பிரட்டில் அவர் வெட்டுக்கத்தியோடு வரிசையில் நின்றார். தொட்டிக்கு வேறு ஆள் போட்டார்கள்.