ஊதா மருந்தில் எழுதிய நேரம்

சென்ற மாதம் பக்கத்து வீட்டுப் பெண்ணின் குழந்தையைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவள் மணிக்கட்டில் விவரம் அச்சடித்த பிளாஸ்டிக் பட்டை கட்டியிருந்தார்கள். எனக்கு எங்கள் டாக்டரம்மாவின் ஊதா மருந்துதான் நினைவுக்கு வந்தது.

யுத்தம் முடிந்த சமயம். சேலத்தில் ஒரு சின்னப் பிரசவ ஆஸ்பத்திரியில் நான் நர்ஸ். பிரசவ வலிக்குப் பெதிடின் ஊசி போட்டால், போட்ட நேரத்தை அந்தப் பெண்ணின் மணிக்கட்டிலேயே, புண்ணுக்குத் தடவும் ஊதா மருந்தைத் தொட்டு டாக்டரம்மா எழுதிவிடுவார். காகிதம் கட்டில் மாறிப் போகும், கை மாறுமா என்பார். வலியில் துடிப்பவளிடம் பல்லைக் கடித்துக்கொள் என்று சொல்லாத முதல் மனுஷி அவர்தான். அதற்காகவே அவரைக் கும்பிடலாம்.

ஒருநாள் காலை எட்டு மணிக்கு வேலைக்கு வந்தேன். இரவு நர்ஸ் போய்விட்டாள். டாக்டரம்மா ஆபரேஷன் அறையில். திருச்செங்கோட்டுப் பக்கத்துக் குடியானவர் வீட்டுப் பெண், தலைச்சன் பிரசவம், "ஒரு ஊசி போடுங்க சாமி, உசுரு போவுது" என்று என் சேலையைப் பிடித்துக்கொண்டாள். கையில் எழுத்து இல்லை. எழுத்தில்லாத கைக்கு நாங்களே போடலாம் என்பது உத்தரவு. ஊசிக்குழலில் மருந்தை ஏற்றிக்கொண்டு வந்தேன்.

குனிந்தபோது எலுமிச்சை வாசம். மணிக்கட்டுத் தோல் சிவந்திருந்தது. சந்தேகப்பட்டு இமையைத் தூக்கினால், கண்ணின் பாப்பா கடுகாகச் சுருங்கியிருக்கிறது! பெதிடின் ஏறிய கண் அது.

"ஏனுங்க, கையில என்ன பண்ணுனீங்க?" என்றேன், கட்டிலருகே நின்ற அவள் மாமியாரிடம்.

"புள்ள பொறக்கற நேரத்துல கையில கருப்பா மை இருந்தா ஆவுமுங்களா? எலுமிச்சம்பழம் வெச்சுத் தேச்சு உட்டனுங்க சாமி" என்றார் அந்த அம்மாள், நல்லது செய்த நிறைவோடு.

அடுத்த ஊசியும் இறங்கியிருந்தால் பிள்ளை மூச்சுவிடத் திணறியிருக்கும். ஊசியைத் தட்டில் வைத்தேன். "கல்நெஞ்சுக்காரி" என்று அவள் திட்டத் திட்ட, ஒரு மணி நேரம் இடுப்பைத் தேய்த்துவிட்டேன். பிறந்த பிள்ளை போட்ட கத்தலில் டாக்டரம்மா ஓடி வந்தார்.

நடந்ததைச் சொன்னேன். அவர் ஊதா மருந்தை எடுத்து, என் மணிக்கட்டைப் பிடித்து, பிள்ளை பிறந்த நேரத்தை எழுதினார்: ஒன்பதே கால். கை கழுவாத நர்ஸ் உண்டா? ஆனாலும் நாலு நாள் அந்த எழுத்தை விட்டுவிட்டுத்தான் கழுவினேன்.

பிளாஸ்டிக் பட்டையை எந்த எலுமிச்சம்பழமும் அழிக்காது. நல்லதுதான். இருந்தாலும், குழந்தையைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது ஆஸ்பத்திரி வாசலில் நின்று என் வெறும் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்துக்கொண்டேன். ஒன்பதே கால். கர்வம்தான், இருந்துவிட்டுப் போகட்டும்.