செருப்பு எண்ணிய கிழவர்

எனக்கு ஆட்களை இலகுவில் நம்பிப் பழக்கமில்லை. அதை ஒரு குறையாக நான் நினைத்ததுமில்லை. மேல்மாடிப் பஞ்சாபிக் கிழவர் போன மாரியில் செத்துப்போனார். அவர் உயிரோடு இருந்த காலத்தில் அவரை என்னளவுக்குச் சந்தேகித்தவர்கள் பலேர்மோவில் ஒருவரும் இருந்திருக்க மாட்டார்கள்.

அல்பெர்கேரியாவில் சந்தைக்குப் பின்னால் ஓர் ஒடுங்கிய கட்டடம். நாங்கள் இரண்டாம் மாடி. கிழவர் மூன்றாவதில் மகன், மருமகள், பேரப்பிள்ளைகளோடு இருந்தார். வெள்ளைத் தாடி, நீலத் தலைப்பா. பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்தால் மத்தியானம்வரை அவருக்கு வேலையில்லை. வேலையில்லாத மனிசனின் கண் அடுத்த வீட்டில்தானே இருக்கும்.

எங்கள் வீட்டில் காகிதப்படி நான், கணவர், மகள் என்று மூன்று பேர். உண்மையில் நாலு. என் தம்பி வதிவிட அனுமதியான பெர்மெஸ்ஸோ இல்லாமல் ஒரு வருஷமாக உள்ளறையில் இருந்தான். பிடிபட்டால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே அவனைத் தேடுகிறவர்கள் யாரென்று எங்களுக்குத் தெரியும். அதனால் அவனைச் சன்னல் பக்கம்கூட நான் விடவில்லை. ஆனால் பழக்கதோஷத்தைப் பாருங்கள்: அவனுடைய சப்பாத்தும் எங்களுடையவற்றோடு கதவுக்கு வெளியேதான் கிடந்தது. மூன்று பேர் வீட்டுக்கு நாலு சோடி!

வேலையில்லாத ஒரு நாள் கதவுத் துளையால் பார்த்தேன். கிழவர் எங்கள் வாசலில் குந்தியிருந்து ஒவ்வொரு சோடியாக எடுத்து, திருப்பி, அடியைப் பார்த்துவிட்டு வைத்தார். கதவைத் திறந்தேன். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு மெல்ல மேலே ஏறிப்போனார். அந்தக் கும்பிடு எனக்கு இன்னும் சந்தேகத்தைக் கூட்டியது.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று கணவர் சிரித்தார். அந்த மனிசன் பாவம் என்றான் தம்பி. பாவம் பார்த்தால் பழி என்று நான் அவன் வாயை அடைத்தேன். அடுத்த கிழமை, கழுத்தில் அட்டை தொங்க, கையில் தாள்கட்டோடு ஒருவன் படியடியில் நின்றான். கிழவர் எங்கள் மாடியைக் காட்டி அவனோடு கையால் கதைத்துக்கொண்டிருந்தார். நாசமறுப்பு, காட்டிக்கொடுத்துவிட்டான் என்று எனக்குள் கொதித்தது.

மறுநாள் காலையிலேயே தம்பியைப் பிரான்காச்சோவில் தெரிந்தவர் வீட்டுக்கு பஸ்ஸில் அனுப்பினேன். டிக்கெட்டைக் கையில் கொடுத்தேன், இறங்கும் இடம் சொன்னேன், ஒருவர் முகத்தையும் பாராதே என்றேன். அவன் இந்த ஊரில் ஒரு பஸ்ஸிலும் ஏறியதில்லை. வழியில் டிக்கெட் பார்க்கிறவர்கள் ஏறினார்கள். பிறகு பொலிஸ் வந்தது. பின்னேரம் பொலிஸிலிருந்து அவன் போன் எடுத்தபோது அழவில்லை.

"அக்கா, என்னட்டை டிக்கெட் இருந்தது. ஏறினவுடனை அதை மெஷினிலை குத்தினால்தான் செல்லுமெண்டு நீங்கள் சொல்லேல்லையே."

போனை வைத்ததும் எனக்கு ஆத்திரத்தைக் கொட்ட ஓர் ஆள் வேண்டியிருந்தது. மேலே ஏறிப்போய்க் கதவைத் தட்டினேன். மருமகள் திறந்தாள். உங்கள் மாமா எங்கள் செருப்புகளை ஏன் எண்ணுகிறார் என்று இத்தாலியனில் கத்தினேன். தம்பியைப் பற்றி மூச்சு விடவில்லை. அந்த நேரத்திலும் நான் நம்பவில்லை.

அவள் முகம் சிவந்துபோயிற்று. தங்கள் கோயிலான குருத்வாராவுக்கு வருகிறவர்களின் செருப்பைத் துடைத்து வைப்பது தங்களுக்குள் பெரிய தொண்டு என்றாள். வடக்கே மாட்டுப் பண்ணையில் பால் கறந்த காலத்தில் மாமா லீவு நாளெல்லாம் அதைத்தான் செய்தாராம். இங்கே அவர் நடந்து போகக்கூடிய தூரத்தில் ஒரு குருத்வாராவும் இல்லை. அதனால் படிக்கட்டில் உள்ள செருப்புகளைத் துடைக்கிறார், மகன் எவ்வளவு ஏசியும் கேட்கிறாரில்லை என்றாள். எங்கள் சப்பாத்துகள் எப்போதும் துப்புரவாகத்தான் இருந்தன. அது கணவரின் வேலை என்று நான் நினைத்திருந்தேன்.

உள்ளிருந்து கிழவர் வந்து அவளிடம் நெடுநேரம் கதைத்தார். அவள் குரலைத் தாழ்த்தி எனக்குச் சொன்னாள். ஒரு சோடியின் அடி மட்டும் தேயவேயில்லையாம். வெளியே போக முடியாத ஒருவர் எங்கள் வீட்டில் இருக்கிறார் என்று அவருக்கு எப்போதோ தெரியுமாம். அவரும் காகிதமில்லாமல் ஏழு வருஷம் மாட்டுத் தொழுவத்துக்குள் ஒளித்திருந்தவராம். முந்தநாள் படியடியில் நின்ற, தண்ணீர் மீட்டர் பார்க்க வந்தவனிடம், அந்த வீட்டில் ஆளில்லை, தட்டாதே என்று கைகாட்டி அனுப்பினாராம்.

கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன்.

கிழவர் இன்னும் ஏதோ கேட்டார். இன்று பார்த்தபோது அந்தச் சோடியைக் காணவில்லையாம். பிள்ளைக்குக் காகிதம் கிடைத்துவிட்டதா, வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டானா என்று கேட்கிறார் என்றாள் மருமகள். கிழவரின் கண் கலங்கியிருந்தது. நான் ஓம் என்று தலையாட்டினேன்.

அவர் இரண்டு கையையும் மேலே தூக்கினார். பிறகு உள்ளே போய் ஒரு துண்டு இனிப்பைக் கொண்டுவந்து என் கையில் வைத்து, தின்னச் சொல்லிச் சைகை காட்டினார். அவர் பார்த்துக்கொண்டு நிற்க, அதைத் தின்று முடித்தேன்.